நின்றபடியே பழசான டயர்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு

டயர்க்கடை சாதிக் இன்று என் வேனை அவமானப்படுத்தினான்.

காற்றடிக்கத்தான் போனோம். என் வீட்டுக்காரி மரகதம் வண்டியைக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில், குழாய் எட்டுகிற தூரத்தில், ஒரே ஒடிப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். உடுமலையில் அந்தச் சந்துக்குள் ஆட்டோவைத் திருப்புவதே கஷ்டம். அதைப் பாராட்ட அவனுக்கு வாய் வரவில்லை. டயர்களைச் சுற்றி வந்தான், குனிந்தான், கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தான்.

“ஐயா, இத எப்பப் போட்டீங்க?”

“சாதிக்கு, பட்டனப் பாரு,” என்றேன். தரையைப் பிடிக்கிற மேடுகளைத்தான் பட்டன் என்கிறோம். என் டயர்களில் பட்டனுக்கு நடுவே விரல் நுனி இன்னும் முழுதாக உள்ளே போகும்.

“பட்டன் பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி ஜம்முனு இருக்குது. நான் அதக் கேக்கலீங்க. எப்பப் போட்டீங்க?”

“போட்ட தேதி உனக்கு எதுக்கு? ஓடுன தூரத்தக் கேளு.”

“ஓடுனாத் தேயும். ஓடாம நின்னாக் காஞ்சு போகுமுங்கய்யா. இது காஞ்சிருக்குது. இத வெச்சுட்டு மலையேறாதீங்க.”

விற்கிறவன் அப்படித்தான் சொல்வான். நான் ஏறி உட்கார்ந்தேன். மரகதம் வீடு வரும் வரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேனில் தண்ணீர்த் தொட்டிக் குழாய் கசிந்தது. காலையில் கழற்றி, மதியத்துக்குள் மாட்டிவிட்டேன்.

ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய வேன் இது. இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, கட்டில், கியாஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, கூரையில் சோலார், பின்னால் ஒரு ஆள் உட்காரும் கழிவறை என்று ஒவ்வொன்றாக நானே செய்தேன். நான் பாலிடெக்னிக் பக்கம் போனவனல்ல. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துத் நானாகவே செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டப் பழகினவன். நான் கட்டிய மோட்டாரைப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனியில் டிரெயினிங் என்று கேட்ட எஞ்சினியர்கள் உண்டு. என் வீட்டு மாட்டுக்கொட்டகையில் என்று சொன்னதும் அவர்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. இந்த வேனை வீடாகப் பதிவு செய்ய எத்தனை நடை நடந்தேன் என்பதை இங்கே எழுதினால் பேனா தீர்ந்துவிடும்.

மரகதம் கொடுமுடிக்காரி. காவிரிக் கரையில் பிறந்தவள். “எனக்கு ஆத்தோட நடுவு மட்டுந்தானுங்க தெரியும். தலையும் பாத்ததில்ல, காலும் பாத்ததில்ல,” என்று கல்யாணமான புதிதிலேயே சொன்னாள். ஐப்பசி முதல் நாள் தலைக்காவிரியில் ஊற்று பொங்குமாம். கடைசி நாள் மாயவரத்தில் கடைமுக முழுக்கு. அந்த ஒரு மாதமும் ஆற்றோடு கூடவே, நினைத்த இடத்தில் நின்று, சமைத்து, தூங்கிப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகத்தான் இந்த வேனே.

போன வருடம் கழிவறைக் கதவு சரியாக அடையவில்லை. அதற்கு முந்தின வருடம் சோலார் பேட்டரி. அதற்கு முன்னால் மெத்தை, அதற்கும் முன்னால் திரைச்சீலைக் கம்பி. அரைகுறை வண்டியில் ஒரு பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போக நான் என்ன பொறுப்பில்லாதவனா?

இந்த வருடம் எல்லாம் தயார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று மரகதம் வேனை அமராவதி அணை வரை ஓட்டினாள். புகழ்வது என் வழக்கமல்ல. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, இனி ஓட்டக் கூடாது என்று கோவையில் ஒரு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நேரே எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சாலையும் நேரேதானே இருக்கிறது? சொன்னால் கேட்கிற வயதில் அவர் இல்லை. வேனை விற்றுவிடலாம் என்றான் மகன் பரணி. மரகதம் மறுநாள் காலையில் டிபன் வேலையை முடித்துவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அறுபத்திரண்டு வயதில். கூட வகுப்பில் இருந்தவர்களெல்லாம் காலேஜ் பிள்ளைகள். முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாம் தடவை போனார்கள்.

அவள் கியர் மாற்றுவது வெளியே தெரியாது. இட்லித் தட்டை எடுத்து வைக்கிற மாதிரி வைப்பாள். நான் முப்பது வருடம் ஓட்டினேன். எனக்கு அந்தக் கை வரவில்லை.

புறப்பட்டுக் கொஞ்ச தூரம் வரை ஸ்டியரிங் நடுங்குகிறது என்றாள்.

“காலையில எந்திரிச்சதும் என்ற முட்டி இருக்கற மாதிரி இருக்குதுங்க. நாலு எட்டு வெச்சாச் சரியாயிருது. டயரு நின்ன எடத்துலயே நின்னு, தரை படற பக்கம் அமுங்கிப் போச்சாட்ட இருக்குது.”

“அலைன்மென்ட்டு,” என்றேன்.

“அப்பப் பாத்துருங்க,” என்றாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அலைன்மென்ட் பார்த்தாயிற்று. சரியாக இருக்கிறதாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. இன்று எழுதுவதற்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் போடுவது நான்தான். ஒரு கை போட்டு, காய்ந்ததும் இன்னொரு கை. அன்றைக்கு என் வண்டியைத் தாண்டிப் போகிறவர்கள் நின்று, புது டயரா என்று கேட்காமல் போனதில்லை. பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்தபோது மரகதம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் நாரில் பாத்திரச் சோப்பைத் தொட்டு டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் தண்ணீர் வாசல் வரை ஓடியது.

“டயர எதுக்குத் தேய்க்கறே? நான் பாலிஷ் போடப்போறேனல்ல?”

“பழச எடுத்துப்போட்டுப் புதுசு போடலாமுங்க. அடுப்புக்கரி மேலயே ஆரு சுண்ணாம்பு அடிப்பாங்க?”

அவள் தேய்க்கத் தேய்க்க, எத்தனையோ பூஜையின் பாலிஷ் உரிந்து போனது. அடியில் சாம்பல் நிறத்தில் ரப்பர். அதில் வளைவு வளைவாக வெடிப்பு. அவள் உட்கார்ந்தபடியே தன் காலைத் திருப்பிக் குதிகாலைக் காட்டினாள்.

“இங்க பாருங்க. அச்சு அசல் என்ற பித்தவெடிப்பு.”

“மேல்தோல். உள்ளே ஒண்ணும் ஆகலை.”

அவள் எழுந்து போய்ச் சாக்கை எடுத்து வந்து விரித்தாள். மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் போய்விட்டாள். பிறந்த வாரமும் வருடமும் ஒவ்வொரு டயரிலும் நாலு எண்ணாகப் பதித்திருக்கும். என் டயர்களில் அது உள்பக்கம் பார்த்து இருக்கிறது. மாட்டியவன் அப்படி மாட்டிவிட்டான். உள்ளேயிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

அடியிலிருந்து வந்த குரல் மாறவே இல்லை. “ஏனுங்க, பரணி கல்யாணத்துக்கு மிந்தின வருசத்து டயருங்க இது. பேரன் இப்ப அஞ்சாவது படிக்கறான்.”

நான் பாலிஷ் டப்பாவை மூடினேன்.

வெளியே வந்தாள். முடியெல்லாம் மண். கையை உதறிக்கொண்டே, சத்தம் போடாமல், பொறுமையாகச் சொன்னாள். “நான் இதுல ஓட்டமாட்டேனுங்க.”

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ‘மாட்டேன்’ என்று சொன்னது நினைவில் இல்லை. நானும் சொன்னேன், விரல் முழுசு பட்டன் இருக்கிற டயரைக் கழற்றி எறிய நான் ஆளல்ல என்று. பணத்துக்காகச் சொல்லவில்லை. தேயாததைத் தேய்ந்தது என்று ஒப்புக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கட்டில், அடுப்பு, ஸ்பேனர் பெட்டி, சோலார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். டயருக்கும் வைத்தாள். நான் பாலிஷ் போடவில்லை. போட விடுவாள் என்று தோன்றவில்லை.

முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அதன் மேல் ஏற்ற வண்டியை யாராவது ஓட்ட வேண்டும். அவள் பொரிகடலை பங்கிட உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை பழம் நசுங்காமல் கிடந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

கொடுமுடியிலிருந்து அவள் அக்கா மகள் சுலோச்சனா போன் செய்தாள். அங்கிருந்து பெண்களாகச் சேர்ந்து டூரிஸ்ட் பஸ் பிடித்துத் தலைக்காவிரி போகிறார்களாம். ஒரு சீட் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மரகதம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். என்னிடம் எதையும் மறைக்கிறவளல்ல. அதுதான் கஷ்டம்.

“நீயா போகப்போறே?” என்று கேட்டேன்.

“இந்தத் தடவ போயிருவேனுங்க. உங்களோட போனா வேன்ல. இல்லாட்டி அவிகளோட பஸ்ல.”

“பஸ் டயரு எந்த வருசத்துதுன்னு கேட்டயா?”

“அது தெனமும் ஓடற பஸ்ஸுங்க,” என்றாள்.

பரணி ஓசூரிலிருந்து கூப்பிட்டான். அம்மா சொல்லியிருப்பாள். “அப்பா, அம்மா சொல்றதக் கேளுங்க. இல்லீனா ஒரு கார் புடிச்சு அனுப்பறேன்.” என் கையால் கட்டிய வீடு வாசலில் நிற்க, வாடகைக் காரில் போக வேண்டுமாம். போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

அவள் சந்தைக்குப் போயிருந்தாள். வேனை நானே எடுத்து நாலு தெரு ஓட்டிக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றியது. எடுத்தேன். கேட் தூணை அந்தக் கொத்தனார் தேவைக்கு மேல் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறான். இடப்பக்கக் கண்ணாடி போய்விட்டது.

டயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மரகதம் திரும்பி வந்து கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். திட்டவில்லை. கூட்டி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து, சட்டையை விலக்கித் தோளையும் முழங்கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுத்துக் கழுவப் போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னுடைய யோசனை, எனவே விளைவும் என்னுடையது.

வேனின் பின்கதவில் ஸ்டெப்னி இருக்கிறது. மற்ற டயர்களோடு ஒரே நாளில் வாங்கியது. இதுவரை ஒரு தடவைகூடத் தரையைத் தொடாதது. பட்டனில் கம்பெனி விட்ட ரப்பர் முடிகள் அப்படியே நிற்கின்றன. அதைச் சாதிக்கிடம் கொண்டுபோய் முழுக் காற்று அடிக்கச் சொல்ல வேண்டும். நின்றால் டயர் கெடும் என்றானல்லவா? இது நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யாத டயர். நல்லது நல்லதுதான் என்று மரகதத்தின் முன்னால் நிரூபித்துவிடலாம்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். சாதிக் உறையைக் கழற்றினான்.

“பொறந்த கொழந்தையாட்ட இருக்குது பாரு,” என்றேன்.

“இந்தப் பக்கத்துல வெயில் பட்டிருக்குமாட்ட இருக்குதே? வேன மேக்க பாத்து நிறுத்துவீங்களா?”

“அடிடா காத்த.”

அவன் அதைப் பழைய இரும்புக் கூண்டுக்குள் வைத்தான். “எல்லாரும் தள்ளி நில்லுங்க. அம்மா, நீங்க இங்குட்டு வாங்க.” குழாயை மாட்டிவிட்டு அவனும் விலகி நின்றான்.

காற்று ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பக்கத்தில் தவளைக் கழுத்து மாதிரி மெல்ல உப்பியது. சாதிக் கம்ப்ரசரை நிறுத்த ஓடினான். அதற்குள் வெடித்துவிட்டது. எதிர்க்கடைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த காக்கையெல்லாம் எழும்பிப் போயின. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

பக்கவாடு கையளவுக்குக் கிழிந்து, உள்ளே நூல் நூலாகத் தொங்கியது. பட்டன் அப்படியே இருந்தது. ரப்பர் முடிகூட உதிரவில்லை.

சாதிக் சிரித்திருந்தால் நான் வேறு கடைக்குப் போயிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. மரகதத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மரகதம் கூண்டுப் பக்கம் போய், கிழிந்த இடத்தில் கையை வைத்தாள்.

“இது ஒரு நாள்கூட ஊரு பாக்கலயேங்க,” என்றாள்.

டயரைத்தான் சொன்னாள்.

அக்டோபர் 6, திங்கள்

எல்லா டயரையும் மாற்றியாயிற்று. ஸ்டெப்னியும் சேர்த்து. கடை வரை மட்டும், அதுவும் மாற்றத்தான் என்பதால், மரகதம் பழைய டயரிலேயே ஊர்ந்து ஓட்டி வந்தாள்.

ஆனால் சாதிக் சும்மா விடப்படவில்லை என்பதை எழுதியாக வேண்டும். முதலில் அவன் உருட்டி வந்த டயர்களைப் படுக்கப் போடச் சொன்னேன். குனிந்து நாலு எண்ணையும் படித்தேன். இரண்டு வருடம் முந்தியவை.

“சாதிக்கு, உன்ற கடையில நின்னா மட்டும் டயரு காயாதா?”

“ஐயா, அது கம்பெனி டயருங்க, உறைக்குள்ள...”

“இந்த வருசத்துது எடு.”

“குடோன்ல அடியில கிடக்குதுங்க. மேல இருக்கறதெல்லாம் எறக்கோணும்.”

“எறக்கு. நான் உக்காந்துக்கறேன்.”

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் இறக்கினான். இந்த வருடம் ஆடி மாதம் பிறந்த டயர்களாக ஐந்து கிடைத்தன. எண் வெளிப்பக்கம் தெரியும்படி மாட்டச் சொன்னேன். மாட்டி முடிக்கும் வரை நகரவில்லை.

திரும்பி வரும்போது மரகதம் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அந்த எண்ணுல வாரம் எது, வருசம் எதுன்னு இத்தன நாளா உங்களுக்குத் தெரியுமா?”

எதிரே மணல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனாவுக்குப் போன் செய்து, அந்தச் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

புறப்பட்டோம். பரணி லீவு போட்டுவிட்டு வந்து வழியனுப்பினான். உடைந்த இடப்பக்கக் கண்ணாடிக்குப் பதில் புதுசு மாட்டியிருக்கிறது.

சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தேழு. மேலேயிருந்து கரும்பு லாரிகள் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கும். எனக்கே அந்த மலையில் கை வேர்க்கும். மரகதம் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே கியரைக் குறைத்து, ஹாரன் கொடுத்து, லாரிக்காரன் முகத்தைப் பார்த்து, அவன் வருகிறானா நிற்கிறானா என்று தெரிந்துகொண்டு திருப்பினாள். ஒரு லாரிக்காரன் வளைவிலேயே நிறுத்தி வழிவிட்டான். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

“அம்மா, எத்தன வருசமா ஓட்டறீங்க?”

“ரெண்டு வருசமாச்சு சாமி.”

“எனக்கு இருவது. நீங்க மொதல்ல போங்க.”

நானும் அவனோடு சேர்ந்து தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். வழி சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னேன். பெரும்பாலும் தேவைப்படவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

குடகு. மடிக்கேரி தாண்டி மழை. கொட்டுகிற மழை.

ஒரு இறக்கத்தில், வளைவைத் தாண்டியதும், நடுச்சாலையில் ஒரு கார் குறுக்கே திரும்பி நின்றிருந்தது. வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நின்றிருந்தாள். நான் காலை ஊன்றினேன். என் பக்கத்தில் பிரேக் இல்லை.

மரகதம் கத்தவில்லை. திருப்பவும் இல்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தாள். வேன் தண்ணீரை இரண்டு பக்கமும் வீசியடித்துக்கொண்டு, ஒரு கோடு போட்ட மாதிரி நேராகப் போய், அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றது. உள்ளே சமையல் பாத்திரம் எல்லாம் உருண்டு முன்னால் வந்துவிட்டது.

மரகதம் ஹசார்ட் விளக்கைப் போட்டாள். பின்னால் வருகிறவர்களை நிறுத்தச் சொல்லி என்னைத் துண்டோடு அனுப்பினாள். நான் மழையில் நின்று துண்டை வீசினேன். அவள் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் வேனுக்குள் உட்கார வைத்து, என் அடுப்பில் பால் காய்ச்சிக் கொடுத்தாள். மொழி தெரியாது. இரண்டு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அவர்கள் காரை ஓரம் தள்ளி, சொந்தக்காரர் வந்து அவர்களைக் கூட்டிப்போன பிறகு, நான் இறங்கி நனைந்தபடியே டயர்களைச் சுற்றி வந்து பார்த்தேன். கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளே வந்ததும் தலையைத் துவட்டிவிட்டாள்.

“அந்தப் பழைய டயரா இருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“இருந்தா, நான் பஸ்ல போயிருப்பேனுங்க,” என்றாள். “சட்டையக் கழட்டுங்க, ஈரம்.”

அக்டோபர் 17, வெள்ளி

தலைக்காவிரி. கூட்டம். வேனைக் கீழே பாகமண்டலத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸில் மேலே போனோம். நான் தூணோரம் நின்றேன். ஊற்று பொங்கியபோது நான் பார்த்தது எனக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகைத்தான். மரகதம் எப்படியோ நுழைந்து போய்விட்டாள். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, உள்ளங்கையில் இருந்த தண்ணீரை என் தலையில் வைத்தாள்.

“இவ்வளவு சின்னதாத்தான் ஆரம்பிக்குதுங்க,” என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கொடுமுடி. அவள் ஊர்க்காரர்கள் வேனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். கட்டிலையும் அடுப்பையும் எல்லாரும் பார்த்தார்கள். “இத மச்சானா செஞ்சாரு?” என்று ஒருவர் கேட்டார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சுலோச்சனா குறுக்கிட்டாள். “அது கெடக்குது சித்தப்பா. சித்தி திம்பத்துல ஓட்டுனாங்களாமே, அதச் சொல்லுங்க.”

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கரும்பு லாரிக்காரன் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மரகதம் வெட்கப்பட்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கழிவறைக் கதவு. அது இப்போது நன்றாக அடைகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மாயவரம். கடைமுகம். விடிந்ததும் முழுக்குப் போட்டோம். துலாக் கட்டத்தில் காலை வைக்க இடமில்லை. பிறகு ஆற்றோடேயே பூம்புகார் வரை ஓட்டினாள். நடுவில் அவ்வளவு அகலமாக ஓடுகிற ஆறு, கடலில் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குக் குறுகிப்போய் வருகிறது. அவள் அலைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்தாள்.

“தலையும் சின்னது, காலும் சின்னது. நம்ம ஊர்லதானுங்க பெருசு,” என்றாள்.

சமைத்துச் சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவி அடுக்கினாள். திரைச்சீலைகளைக் கழற்றி மடித்தாள். மெத்தை உறையையும் உருவினாள். வீட்டுக்குப் போய் வேனை மூடி வைப்பதற்குச் செய்கிற வேலைகள் அவை. முகத்தில் வருத்தமில்லை. ஆசைப்பட்டது கிடைத்தவளுக்கு இருக்கிற முகம்தான். ஆனால் மடிப்பதை ரொம்பவும் பொறுமையாகச் செய்தாள்.

நான் வெளியே போய் டயர்களைப் பார்த்தேன். பட்டன் கொஞ்சம்கூடக் குறையவில்லை. தேதி நேராகத் தெரிகிறது.

பரணி கூப்பிட்டான். “அப்பா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? வீட்டுக்கு எப்ப வர்றீங்க?”

“வீட்டுக்கு வந்து?”

“என்னப்பா, வந்து... வேன நிறுத்திட்டு ரெஸ்ட் எடுங்க.”

“டயர நிறுத்தி வெச்சாக் காஞ்சு போயிரும்டா. உனக்கு அதெல்லாம் தெரியாது. ஓட்டிட்டே இருக்கோணும். இது தேஞ்சுதான் மாத்தோணும்.”

“அம்மா என்ன சொல்றாங்க?” என்றான்.

திரும்பிப் பார்த்தேன். மடித்த திரைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, மறுபடி ஒவ்வொரு கொக்கியாகத் திரைச்சீலையைக் கம்பியில் மாட்டினாள்.

கடற்கரையிலிருந்து ஏறி வந்தால் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஊருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். மரகதம் என்னைக் கேட்கவில்லை. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள்.